விரியாத குருத்து

என்னோடு படிக்கும் தோழி யூதப் பெண். வீட்டாரின் உதவியில்லாமல், தானே நடத்தும் முதல் அறுவடைத் திருநாளுக்காக நகரின் ஒரேத்தோப் பகுதியில் தன் பல்கனியில் ஓலைக்கூரை போட்டுக் குடில் கட்டியிருந்தாள். கையில் பிடித்து ஆசி சொல்ல நான்கு வகைத் தாவரங்கள் வேண்டும். பெரிய எலுமிச்சை போன்ற சேத்ரோ பழம், மிர்த்தோ என்னும் வாசனைச் செடியின் கொப்பு, ஆற்றலரிக் கொப்பு மூன்றும் தயார். பேரீச்சங் குருத்து மட்டும் தபாலில் நுனி பிளந்து வந்திருந்தது. விரியாத குருத்துத்தான் செல்லுமாம். முகம் வாடிப்போய் நின்றாள்.

குருத்தோலைதானே, என்னிடம் விடு என்று துள்ளினேன். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைக்குக் குருத்தோலை தெரியாதா!

அப்பாவுக்குக் கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் தோட்ட வேலை. அன்று மாலையே அங்குள்ள பேரீச்சையில் ஒன்று வெட்டி வந்தார். அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக் குளியலறை வாளியில் அதை நிறுத்திவிட்டு, மறுநாள் வகுப்புக்குப் போனேன். அன்று பொழுது பட்டால் திருநாள் தொடங்கிவிடும். பிறகு வெட்டக் கூடாது.

மதியம் திரும்பினால், அம்மா மன்னாரிலிருக்கும் சித்தியோடு போனில் கதைத்துக்கொண்டிருக்கிறார். மடியில் அந்தக் குருத்தைக் கிழித்துப் பின்னிய மூன்று சிலுவைகள். நாலாவது பின்னலில்.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

"குருத்தோலை ஞாயிறு பங்குனியிலையெல்லோ, ஐப்பசியிலை குருத்தோலை ஏனெண்டு நானும் யோசிச்சனான். கை சும்மா இருக்கேல்லை, பிள்ளை."

"அது என்ரை யூதத் தோழிக்கு!"

அம்மா சிலுவைகளைப் பார்த்தார். "ஐயையோ, மாதாவே!" போனுக்குள் சித்தி சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

அப்பாவுக்குப் போன் அடித்தேன். "அப்பா, இன்னொண்டு வேணும். இப்பவே!"

"ஏனடி, ஆடு திண்டதோ?"

"அம்மா சிலுவை பின்னிப்போட்டா."

"அப்ப ஆடுதான்," என்றார். "வா, ஏணி வைக்கிறன்."

மொண்டெல்லோ பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குருத்தை ஈரத்துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்து, இரண்டு பஸ் மாறி, கடைசித் தெருவில் ஓடினேன். மாலை வெயில் தெருவை விட்டுக் கூரைகளுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. தோழி நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். மூடியே இருந்தது! முதல் நாளில் குருத்து அவளுக்கே சொந்தமாக இருக்க வேண்டுமாம். இரவல் செல்லாதாம். "ரெகாலோ, ரெகாலோ!" உனக்குத்தான், பரிசு என்று மூச்சு வாங்கக் கத்தினேன்.

மறுநாள் காலை குடிலுக்குள் ஆசி சொல்லி, நான்கையும் சேர்த்துப் பிடித்து எல்லாத் திசைக்கும் அசைத்தாள். சரசரவென்று மழை தொடங்கியதுபோல ஒரு சத்தம்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலிலேயே அம்மா மறித்தார். "விரிஞ்சு போச்சோ?"

"இல்லையம்மா!"

"நல்லவேளை. இனி ஓலையைக் கண்டாலும் இந்தக் கை சும்மா இருக்கும்," என்று கைகளிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார்.