சாப்பாட்டுக்கு மட்டும் ஏறின விலைவாசி

எங்க ஜவுளிக்கடையில காலையில சாமி கும்பிட்டு முடிச்சதும் நாங்க அப்படியே வரிசையில நிக்கணும். முதலாளி ரெண்டு வார்த்தை பேசுவாரு. அப்புறம்தான் ஷட்டர் முழுசா ஏறும்.

இன்னைக்கு அவர் பேசினது: "அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் ஏறிப்போச்சு. அதனால மத்தியான சாப்பாட்டுக்கு உங்க சம்பளத்துல பிடிக்கிறதை இந்த மாசத்துல இருந்து கொஞ்சம் ஏத்தறோம்."

கடத்தூர்ல இருந்து என்னோட பஸ்ல வர்ற செல்வி அக்கா மட்டும் கேட்டுட்டாங்க.

"விலைவாசி ஏறினா சம்பளத்துல பஞ்சப்படியும் ஏறணும்னு கவர்மென்ட்டே சொல்லுதுங்களே. அதே அரிசியத்தானுங்க நாங்களும் வூட்டுக்கு வாங்கறோம்?"

அவர் கையில இன்னும் கற்பூரத் தட்டு இருந்துச்சு. "விலைவாசி வேற, சம்பளம் வேற. சாமி முன்னாடி என்னம்மா பேச்சு இது?"

சாமி முன்னாடி ஏத்தலாம். கேக்கத்தான் கூடாது.

கடை திறந்த கொஞ்ச நேரத்துல பாப்பாரப்பட்டிக்கார அம்மா ஒருத்தங்க ஒரு சேலையைப் புரட்டிப் பார்த்துட்டு, "தீபாவளிக்கு வாங்கறப்ப இதே சேலை இவ்வளவு இல்லையே?"ன்னாங்க. இதுக்கு என்ன சொல்லணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

"விலைவாசி ஏறிடுச்சுங்கக்கா."

"உங்களுக்கென்னம்மா, அதுக்குத் தகுந்த மாதிரி சம்பளமும் ஏத்திடுவாங்க"ன்னாங்க. அதுக்கும் சிரிச்சேன்.

மத்தியான சோத்துக்கு முன்னாடியே செல்வி அக்காவைச் சேலை செக்ஷன்ல இருந்து குடோனுக்கு மாத்திட்டாங்க. அங்க ஃபேன் கூட கிடையாது.

இந்தக் கடையில போன வருஷ விலைக்கே கிடைக்கிற சரக்கு நாங்க மட்டும்தான். உங்க கடையில எப்படிங்க?