அரைஞாணில் கிடந்த சாவி

குளிக்கும்போதுகூட பிச்சைமுத்து அந்தச் சாவியைக் கழற்றமாட்டார். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் அவருக்கு வேலை. தொட்டிக்குள் கல்மாவு எவ்வளவு நிற்கிறது என்று காட்ட, ஈயக்கூட்டுக்குள் கதிரியக்கப் பொருள் வைத்த கருவி ஒன்று அங்கே உண்டு. அந்தக் கூட்டின் சாவி அது. பாதுகாப்புக்குப் பொறுப்பு அவர். அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார்.

"என்னையவிட அதத்தான் ஒட்டி வெச்சிருக்காரு" என்று மனைவி சாந்தா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

கருவிக்கான உரிமத்தை அரசு இணையதளத்தில்தான் புதுப்பிக்க வேண்டும். அவருக்கு அதெல்லாம் வராது. ஆபீசில் கேட்கக் கூச்சம். தன் ஊரான குரும்பலூரில் வினோதினி நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் அந்த வேலையைக் கொடுத்துவிட்டார். பாஸ்வேர்டு, சாந்தாவின் பெயரும் அவள் பிறந்த வருஷமும். வினோதினி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். ரேஷன் கார்டு, பட்டா, பி.எஃப். என்று ஊரே அந்த நோட்டில் இருந்தது. நோட்டு கவுண்டரில் நூல் கட்டித் தொங்கியது. ஓ.டி.பி. வந்தால் இவர் பஸ்ஸிலிருந்தே சத்தமாகப் படித்துச் சொல்வார்.

ஒருநாள் போனில் ஓர் ஆண் குரல். "சென்டர்லேருந்து பேசுறேண்ணே, நம்பர் வந்திருக்குமே?" பிச்சைமுத்து படித்துச் சொன்னார்.

மறுவாரம் உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து ஆலைக்குப் போன் வந்தது. கதிரியக்கப் பொருளை யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனிக்குக் கைமாற்றக் கேட்டு, பிச்சைமுத்து பெயரில் மனு போயிருந்தது. சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"ஹேக் பண்ணிட்டானுங்களாண்ணே?" என்றார் மேனேஜர் கலைவாணன். வயதில் இளையவர்.

"ஆமா சார்." வாய் முந்திக்கொண்டது. அன்றைக்கு ஆளாளுக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தார்.

இரண்டு நாள் கழித்துக் கலைவாணன் கூப்பிட்டார். "உங்க கணக்க குரும்பலூர் சென்டர்லேருந்து தொறந்திருக்காங்க. அந்தப் பொண்ணுதான் திருடியிருக்கு. போலீஸ்ல குடுத்துருவோம்."

"அந்தப் புள்ள மேல வேணாம் சார்."

"ஏன்?"

"நாந்தான் குடுத்தேன். பாஸ்வேர்டையும். போன்ல கேட்டவனுக்கு நம்பரையும்."

கலைவாணன் அவர் இடுப்பைப் பார்த்தார். "இடுப்புல இருக்கற சாவிய எவனாச்சும் போன்ல கேட்டா குடுத்துருவீங்களாண்ணே?"

பிச்சைமுத்து சட்டைக்கு மேலாகச் சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"விசாரணை முடியற வரைக்கும் அது இங்க இருக்கட்டும்."

பிச்சைமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கினார். பல வருஷ வியர்வையில் இறுகிய முடிச்சு. நகத்தால் நெம்பினார், அவிழவில்லை. பின்னால் மேசை டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. முகத்தைப் பார்க்காமல் கலைவாணன் கத்தரிக்கோலை நீட்டினார்.