வலப்பக்கம் திறக்கும் கிதாபு

ஆசியா உம்மாள் புத்தகத்தை வலப்பக்கமிருந்து பிரித்தாள்.

“மாமி, அது பின்னட்டை,” என்றாள் அந்த வீட்டு மருமகள் ஷாசியா. விரிப்பில் இருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினாள்.

“கண்ணாடி கொண்டாரல.”

“அதுக்குத்தான் மாமி பெரிய எழுத்தா அடிக்கச் சொன்னேன்.”

நபி பிறந்த மௌலிது மாதம் வந்தால், சிதம்பரத்திலுள்ள இந்த வீட்டில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து நபி புகழ் பாடும் மாலைப் பாட்டுகள் ஓத, பரங்கிப்பேட்டையிலிருந்து ஆசியாவைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அவள் வீடு வீடாக இடியாப்பம் பிழிகிறவள். விரிப்பில் உட்காரும்போது மட்டும் எல்லோருக்கும் லாத்தா, மூத்த அக்கா. இந்த வருஷம் ஷாசியா பாட்டுகளைத் தமிழில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள்.

ஆசியா மனப்பாடமாக ஓதினாள். இரண்டாம் பாட்டில் மற்றவர்கள் நின்றுவிட, அவள் குரல் மட்டும் தனியே போயிற்று. நீளம் என்று சில அடிகளை ஷாசியா அச்சில் எடுத்துவிட்டிருந்தாள்.

“லாத்தாவுக்கு மட்டும் வேற புக்கு போலருக்கு,” என்றாள் சிரித்தவள்.

ஆசியா பையிலிருந்து, வலப்பக்கம் திறக்கும் தன் பழைய கிதாபை எடுத்தாள். “ஆமா. நான் படிக்கிறது இது.”

ஷாசியா வாங்கிப் பார்த்தாள். “இது அரபில்ல?”

“எழுத்துதான் அரபு. உள்ள இருக்கிறது நம்ம தமிழு.”

“அப்ப தமிழெழுத்து தெரியாதா மாமி?” அவள் குத்தலாகக் கேட்கவில்லை.

ஆசியா, ஷாசியாவின் மாமியார் ஜைத்தூனைப் பார்த்தாள். சிறுமிகளாக இருவரும் பள்ளிக்கூடம் போகாமல் ஒரே வீட்டில் இந்தக் கிதாபை மட்டும் ஓதியவர்கள். வயசுக்கு வந்ததும் இருவரையும் வெளியே விடவில்லை. ஜைத்தூனுக்குத் தமிழ் சொல்லித்தர வீட்டுக்கே டீச்சர் வந்தார். ஆசியாவின் வாப்பா சைக்கிளில் பாய் விற்றவர்.

“நீ சொல்லு ஜைத்தூன். நீயும் ஓதுனவதானே.”

ஜைத்தூன் கிதாபை வாங்கினாள். ஒரு வரிக்கு அவள் உதடு அசைந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு மூடினாள்.

“எனக்கென்ன தெரியும் அதெல்லாம். ஷாசியா, நீயே படிச்சு முடிம்மா. நேரமாவுது.”

ஆசியா கிதாபைத் துணியில் சுற்றினாள். யாரும் சொல்லாமலே விரிப்பின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

மறுநாள் காலை ஷாசியா போன் செய்தாள். ராத்திரிக்கு விருந்தாளிகள் ஜாஸ்தி, இடியாப்பத்துக்கு ஆள் வேண்டும் என்றாள். ஆசியா மதிய பஸ்ஸில் போனாள். கிதாபை எடுத்துப் போகவில்லை. பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் போய் மாவு பிசைந்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு கூடத்தில் ஷாசியா அன்றைய பாட்டுகளைப் படிக்கத் தொடங்கினாள். ஆசியா பிழிந்துகொண்டிருந்தாள். முடிந்ததும் மீந்ததைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.