நிறைந்தால் இரண்டு தட்டு

பேய்க்கதை என்றால் நடுச்சாமம் வேண்டும், ஒற்றைப் பனை வேண்டும், எங்கோ நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இதில் அதெல்லாம் கிடையாது. இது நடந்தது சாயங்காலம். நாலு வீட்டில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்த நேரம். கடலுக்கு நடுவே ஒரு தீவில், கராச்சர்மா என்ற ஊரில், தார் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு மேட்டில். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னது வேண்டுமானால் இருக்கும்.

உதயசூரியனும் தம்பி நந்தகுமாரும் தண்ணீர் வண்டிக்காரர்கள். பக்கத்து ஊரான புரோத்ராபூரில் சொந்தக் கிணறு, ஒரு சின்ன டேங்கர் லாரி. மழை நின்றுவிட்டால் இந்தத் தீவில் குழாய்த் தண்ணீர் விருந்தாளி மாதிரி, எப்போதோ ஒருநாள் வந்துபோகும். அப்போது டேங்கர்காரன்தான் குலதெய்வம்.

வீடுகள் எல்லாம் மேட்டில். வண்டி கீழே ரோட்டில் நிற்கும். அண்ணன் பம்ப் பக்கத்தில் நிற்பான். தம்பி ரப்பர் குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு படியேறி, தொட்டியின் வாயில் செருகிவிட்டு, தண்ணீரை விடச் சொல்லி "ச்சோடோ!" என்று கத்துவான். அண்ணன் பம்பை முடுக்குவான். தொட்டி நிறைந்ததும் மேலேயிருந்து "பஸ்! பஸ்!" என்று குரல் வரும், போதும் என்று அர்த்தம். அண்ணன் நிறுத்துவான். வீட்டில் தமிழ், வண்டியில் இந்தி. வங்காளி வீடோ தெலுங்கு வீடோ, எல்லாருக்கும் புரிந்தாக வேண்டுமே.

நந்தகுமார் கல்யாணம் செய்துகொள்ளாதவன். சாப்பாடு அண்ணன் வீட்டில். அவன் குரல் மட்டும் வெண்கலம். அவன் "பஸ்" என்றால் அடுத்த மேட்டுக்காரன் பம்பை நிறுத்துவான் என்று ஊரில் கேலி.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்த வருஷம், நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். நல்ல வெயில் காலம். ஊசி போடும் இடத்துக்கே இவர்கள் ஒருநாள் தண்ணீர் இறக்கப் போனார்கள். கூட்டமில்லை. நர்ஸ் கூப்பிட்டாள். உதயசூரியன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். பின்னாலேயே நந்தகுமாரும் கையை மடித்துக்கொண்டு வந்தான்.

"நீ இரு. ஊசி போட்டா காய்ச்சல் வருங்கிறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா படுத்துட்டா வண்டிய உங்கப்பனா ஓட்டுவான்?"

"அவரு உனக்கும் அப்பன்தான்ணே."

"மழை வரட்டும். அப்புறம் போட்டுக்க."

நந்தகுமார் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். அண்ணனுக்குக் காய்ச்சல் வரவே இல்லை, கை மட்டும் கொஞ்சம் வலித்தது. மழை வருவதற்குள் தம்பிக்குக் கொரோனா வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து வந்தான். ரிப்போர்ட்டில் நெகட்டிவ். உதயசூரியனுக்கு அதுவே போதும், நெகட்டிவ் என்றால் முடிந்துபோன கணக்கு. ஆனால் நந்தகுமார் பல் தேய்த்துவிட்டு வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தான். நெஞ்சு படபடக்கிறது என்றான். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, எதற்குப் போட்டோம் என்று மறந்து நின்றான். நோய் போய்விட்டது, அது உள்ளே செய்த வேலை இன்னும் போகவில்லை, மாதக்கணக்கில் இழுக்கும், மேடு ஏறும் வேலை இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

"உனக்கு ஏன் இன்னும் சரியாகல? அங்க பாரு, எத்தனை பேருக்கு வந்துச்சு, எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றான் உதயசூரியன். அடுத்த வெயில் காலம் ஆரம்பித்ததும் குழாயை எடுத்துத் தம்பி தோளில் போட்டான்.

நந்தகுமார் ஏறினான். பாதியில் நின்று நின்று ஏறினான்.

"சாமி ஊர்வலம்கூட இதைவிட வேகமா மேடு ஏறும்டா!" கீழேயிருந்து அண்ணன் கத்தினான்.

"சாமியைத் தூக்கப் பத்து பேரு இருக்காங்கண்ணே... எனக்கு நான் ஒருத்தன்தான்."

அந்தக் குரல் போய்விட்டிருந்தது. பம்ப் ஓடும் சத்தத்தில் அவன் "பஸ்" சொல்வது கீழே கேட்கவில்லை. தண்ணீர் வழிந்து வீணாயிற்று. "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அண்ணன் திட்டினான். மறுநாளிலிருந்து நந்தகுமார் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனான். தொட்டி ஏணியிலோ, கைப்பிடிக் கம்பியிலோ, கிடைத்த இரும்பில் தட்டுவான். நிறைந்தால் இரண்டு தட்டு.

டங்...

இடையில் மூச்சு வாங்குவான். அப்புறம்தான் அடுத்தது.

டங்.

அந்த மாசியில் ஒருநாள், முதல் தட்டு வந்தது. இரண்டாவது வரவில்லை.

அண்ணன்தான் அவனை முதுகில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். ஊசியால் போனான் என்று ஒருவன் சொன்னபோது, உதயசூரியன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "அவனுக்கு ஊசியே போடலடா... போட விடல."

ஒரு வருஷம் போயிற்று. மறுபடி வெயில். வேறு ஆள் வைத்துப் பார்த்தான், சரிப்படவில்லை. தானே குழாயை இழுத்துப் போய்ச் செருகி, தானே இறங்கி வந்து பம்பைப் போட்டான். தொட்டி எப்போது நிறையும் என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இந்தத் தீவில் சூரியன் சீக்கிரம் கடையைக் கட்டிவிடும். அன்று ஐந்தரைக்கே வெளிச்சம் போய்விட்டது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து...

டங்... டங்.

கை தன்பாட்டில் பம்பை நிறுத்தியது. வீட்டுக்காரர்கள் தட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு குழாயை எடுக்க ஏறினான். வீடு பூட்டியிருந்தது. தொட்டியில் தண்ணீர் கழுத்து வரை நின்றது. ஒரு சொட்டு வழியவில்லை.

அடுத்த வாரம் வேறொரு வீடு. மறுபடி இரண்டு தட்டு. அதற்கடுத்த வீட்டிலும்.

பயந்தானா என்றால், பயந்தான். ஆனால் ஓடவில்லை. ஒரு மாதிரி நிம்மதியாகவும் இருந்தது அவனுக்கு. வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டான். ஒருநாள் இழுக்கும்போதே குழாயின் கனம் குறைந்தது. மேலேயிருந்து யாரோ இழுத்துக் கொடுப்பதுபோல. அவன் நின்று பார்த்தான். குழாயும் நின்றது. அவன் அடியெடுத்து வைத்தான். அது மெதுவாக நகர்ந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவி ஷோபனாவிடம் சொன்னான். அவள் அழுவாள், அல்லது கோயிலுக்குப் போகச் சொல்வாள் என்று நினைத்தான். அவள் குழம்புக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஆள் வைக்காம ஓட்டுறப்பவே நினைச்சேன். இருந்தப்ப வாங்குன வேலை பத்தாதாங்க? செத்த பிறகும் ஓவர்டைமா?"

"நானா கூப்பிட்டேன்? அவனா வர்றான்டி."

"அன்னிக்கும் அவருதான் வந்தாரு. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல. இப்பவாவது சொல்லுங்க. விடுங்க அவரை."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. தட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்தது. செத்த பிறகாவது அவனுக்கு மூச்சு சீராகியிருக்கக் கூடாதா?

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். போதும், வராதே என்று.

மறுநாள் வைஜெயந்தி மேடம் வீடு. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. "அண்ணா, நான் ஆபீஸ்லேர்ந்து வர லேட்டாகும். நீங்க ரொப்பிட்டுப் போயிடுங்க" என்று போனில் சொல்லியிருந்தாள். அந்த மேட்டிலேயே உயரமான வீடு.

குழாயைச் செருகிவிட்டு இறங்கினான். பம்பைப் போட்டான். நன்றாக இருட்டிவிட்டது. மணி ஆறேகால்.

டங்...

அவன் சுவிட்சில் கைவைத்துக் காத்திருந்தான்.

அடுத்த தட்டு வரவில்லை.

பம்ப் ஓடியது. தண்ணீர் வழிந்து படியில் இறங்கும் சத்தம் கேட்டது. சளசள... சளசள...

அவன் பம்பை நிறுத்தினான். எல்லாம் அடங்கியது.

இல்லை. ஒன்று அடங்கவில்லை.

மேலே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

உதயசூரியன் ஏறினான். படி ஈரம். வழுக்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தான். கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ தட்டியதுபோல.

பாதிப் படியில் இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

ஆள் உயரத்துக்கு.

கம்பியில் சாய்ந்துகொண்டு...

"நந்தா?"

மூச்சு நின்றது. பிறகு, இழுத்து இழுத்து, ஒரு குரல்.

"அண்ணே... கொஞ்சம்... உக்காந்துக்கவா?"

உயிரோடு இருந்தவரை அவன் அதைக் கேட்டதே இல்லை. கேட்க விட்டால்தானே.

போதும், வராதே என்று சொல்ல வந்தவன் வாயிலிருந்து வேறு வார்த்தைதான் வந்தது.

"உக்காருடா. உக்காரு சாமி."

இருட்டு தணிந்தது. படியில், ஈரத்தில், ஒரு உடம்பு உட்காரும் சத்தம்.

பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு.

இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு.

உதயசூரியன் உட்காரவில்லை.

திரும்பினான். விழுந்தடித்து இறங்கினான். குழாயைக்கூடக் கழற்றாமல், வண்டியோடு இருந்த முனையை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஏழு மணிக்கு வீட்டில் இருந்தான். சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ராத்திரி முழுக்க அவன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஷோபனாவும் தூங்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

விடிந்ததும் போன் அடித்தது. வைஜெயந்தி.

"அண்ணா, குழாயை இங்கயே விட்டுட்டீங்க. அதுக்காகக் கூப்பிடல... உங்க கூட இருந்தவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"யாரு மேடம்?"

"நேத்து நான் ஏழரைக்கு வந்தப்ப படியில ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தீங்களே. அவருக்கு மூச்சு வாங்குச்சு. நீங்க முதுகைத் தடவிக் குடுத்துட்டு இருந்தீங்க. தண்ணி வேணுமான்னு கேட்டேன், ரெண்டு பேருமே பேசல. சரி, தொந்தரவு பண்ண வேணாம்னு மேல வந்துட்டேன். படுக்கறப்ப ஜன்னல்ல பார்த்தேன், அப்பவும் இருந்தீங்க."

உதயசூரியன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். ஷோபனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்... நான் ராத்திரி பூரா வீட்டுலதான் இருந்தேன். இப்பவும் வீட்டுலதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் எதையோ எட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"அண்ணா... அவரு போயிட்டாரு. நீங்க மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கீங்க."