வட வானத்து வெளிச்சமும் கச்சான் மஜீதும்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுதான் பாடம் கேட்டேன். அதனால் எழுத்துப் பிழை இருக்கும். ஒன்றைச் சொல்ல வந்து, மறந்து, வேறொன்றைச் சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் இதுவும் வராது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடதாசி என்றால் அது என்னைப் பார்ப்பதில்லை.

நேற்றுக் காலை முட்டை எடுக்கப் போனேன். எங்கள் சிவப்புக் கோழியைக் கூடைக்குள் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், குசினிக்குப் பின்னால் பழைய சாமான் போட்டிருக்கும் இடத்தில், என்னுடைய நோர்வே ஜக்கெட்டின் தலைமூடிக்குள் ராணி மாதிரி இருக்கிறது. அந்தக் குளிர் ஜக்கெட்டைக் குறிஞ்சாக்கேணியில் யார் போடப்போகிறார்கள்? கோழிக்காவது உதவட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கையை உள்ளே விட்டு முட்டையைத் துழாவும்போது ஒரு வாடை வந்தது. பூச்சி உருண்டை வாடை, கோழி வாடை, அதற்கும் அடியில் இன்னும் போகாமல் கிடக்கிற கருவாட்டு வாடை.

கருவாட்டு வாடையா, நோர்வேயிலா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் திகைத்தேன். மகள் ரிஸ்வானாவும் மருமகனும் இருந்தது அந்த நாட்டின் வடக்கு நுனியில், கடலோரத்தில், ஒரு சின்ன ஊர். மருமகனுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. ஊர் என்றால் நாற்பது ஐம்பது வீடு, ஒரு கடை, ஒரு துறை. தெருவில் ஆளைக் கண்டால் அது செய்தி. அங்கே பென்னம்பெரிய மரச்சட்டங்களில் மீனைச் சோடி சோடியாக வாலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பும் இல்லை, வெயிலும் இல்லை. காற்றிலே காய்கிறதாம். பஸ்ஸால் இறங்கியதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. இலங்கைத்துறையில் என் மாமி வீட்டு முற்றத்தில் நிற்கிற மாதிரி இருந்தது, காலுக்குக் கீழே பனி மட்டும் இல்லாவிட்டால். இவ்வளவு தூரம் பறந்து வந்து மாமி வீட்டிலேயே இறங்கிவிட்டோமே என்று சிரித்தேன்.

நாங்கள் எதற்குப் போனோம் என்பதைச் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். மகளைப் பார்க்கத்தான். ஆனால் எங்கள் மனுசன் போனது வேறு காரியத்துக்கு.

இவர் கல்யாணத்துக்கு முந்தி, இளந்தாரியாக இருக்கும்போது, ஒரு சரக்குக் கப்பலில் குசினி வேலைக்குப் போய்ப் பதினொரு மாதம் கழித்து வந்தவர். அந்தப் பதினொரு மாதத்தை வைத்துக்கொண்டு நாற்பது வருசம் கதை சொன்னார். எங்கள் வளவுக்கு அடுத்தது களப்புத் தண்ணீர். களப்போரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இவர் அங்கே போய்க் கதிரையில் உட்கார்ந்தால், கப்பல் புறப்பட்டுவிடும். அவர் சமைத்த மீன் கறியைத் தின்று கப்பல் கப்டன் அழுத கதை ஒன்று. அதை விடப் பெரியது வட வானத்து வெளிச்சம். வானம் முழுக்கத் தீப்பிடித்த மாதிரி எரியுமாம். சிவப்பும் மஞ்சளுமாகப் பொங்குமாம். அந்தச் சூட்டில் கப்பல் தட்டில் உலைப்பானையை வைத்து, விறகு இல்லாமல் முப்பது பேருக்குச் சோறு ஆக்கினாராம்.

கடைக்கு முன்னால் கச்சான் கடலை வறுத்து விற்கிற வண்டி வைத்திருக்கும் மஜீது இதைக் கேட்டு வருசக்கணக்காகச் சொன்ன பதில் ஒன்றுதான்.

"அப்ப ஏன்டா மச்சான் இன்னும் விறகு கொத்துறாய்?"

மஜீது இவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. இவர் வாய் திறந்தால் "பொய்" என்று கத்துவதற்கென்றே பிறந்தவர். அந்தக் கத்தல் எங்கள் கிணற்றடி வரைக்கும் கேட்கும். "பொய்" என்ற சத்தம் வந்தால் நான் அடுப்பில் அரிசி போடுவேன். இவர் இன்னும் அரை மணித்தியாலத்தில் வருவார் என்று அர்த்தம். எங்கள் வீட்டு மணிக்கூடு அப்போது பழுது, அதைத் திருத்தத் தேவைப்படவில்லை.

நோர்வேக்கு வரச்சொல்லி மகள் கடிதம் எல்லாம் அனுப்பி, விசாவும் வந்தபிறகு, மஜீது கடையில் எல்லார் முன்னாலும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். போகிற ஊரில் அந்த வெளிச்சம் வருமென்றால் அதற்குக் கீழே இவர் நிற்கிற படத்தோடு வரவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கடையில் இனிக் கதை சொல்லப்படாது, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போகவேண்டும். இவர் "ஓம்" என்று கை கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. கதை சொல்ல ஏலாது என்றால் இந்த மனுசன் என்ன செய்வார்? எனக்கும் அதுதான் யோசனை. முழு நாளும் வீட்டில் அல்லவா இருப்பார்.

போய் எட்டு நாளாக வானத்தில் முகில். ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் இவர் கம்பளித் தொப்பி, ஜக்கெட், காற்சட்டை எல்லாம் போட்டு, அதற்கு மேலே சாரனையும் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். காற்சட்டையோடு மட்டும் வெளியே போக வெட்கமாம். அந்த ஊர்க் கிழவர் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது இவருடைய சாரனைப் பார்த்து நின்றார். நாயும் நின்று பார்த்தது. இவர் இரண்டு பேருக்கும் சலாம் சொன்னார்.

ஒன்பதாம் நாள் முகில் விலகியது. இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். நான் வீட்டுக்குள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மருமகன் ஓடிவந்து, "மாமி, வாங்க வாங்க" என்று கூப்பிட்டார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். மகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். இவர் மீன் சட்டங்களுக்குப் பக்கத்தில், பனி வெளியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மலைக்குப் பின்னாலிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் சத்தமில்லாமல் எழும்பியது. எழும்பிப் பட்டென்று வானம் முழுக்கப் பரவியது. பனியெல்லாம் பச்சை. தொங்குகிற மீனெல்லாம் பச்சை.

"படு புள்ள, படு!" என்றார் இவர். சொன்ன கையோடு பனிக்குள் முகம் குப்புற விழுந்தார். நானும் விழுந்தேன். யோசித்து விழவில்லை. உடம்பு தானாக விழுந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்த காலத்தில் துறைமுகப் பக்கமாகப் பரா லைட் அடிப்பார்கள். சின்னக் குடையில் தொங்கிக்கொண்டு ஒரு வெளிச்சம் வானத்தில் மெல்ல மெல்ல இறங்கும். ஊர் பகல் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு என்ன வருமென்று தெரியாது. ஆகவே கண்ட இடத்தில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்தவேண்டும். அப்படி ஒருநாள் இவர் படுத்த இடத்தில் நான் வறுத்து ஆறப்போட்ட இடியப்ப மா இருந்தது. வெளிச்சம் அணைந்து இவர் எழும்பி வரும்போது முகமெல்லாம் வெள்ளை. சின்னப்பிள்ளையாக இருந்த ரிஸ்வானா வாப்பாவைப் பேயென்று நினைத்து வீரிட்டாள். அந்தச் சத்தத்துக்கு, எழும்பியிருந்த அயல் வீட்டுக்காரர் எல்லாரும் திரும்பப் படுத்தார்கள்.

பனிக்குள் கிடந்தபடி நான் தலையை ஒரு பக்கம் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். களப்புத் தண்ணீருக்கு அடியில் பாசி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து இழுபடுமே, அதே மாதிரி வானத்தில் அந்தப் பச்சை இழுபட்டுக்கொண்டிருந்தது. நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. என் காதுக்குள் பனி போய் உயிர் போகிற குளிர். உலை வைத்திருந்தால் பானைதான் உறைந்திருக்கும்.

மருமகன் ஓடிவந்து எங்களைத் தூக்கினார். நல்ல பிள்ளை, ஆனால் வாய் சும்மா இராது. "என்ன மாமா, கப்பலிலயும் இப்பிடித்தான் படுத்துக்கொண்டு சோறு ஆக்கினநீங்களா?" என்று கேட்டார். இவர் தாடியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

படுக்கும்போது நான் கேட்டேன். நாற்பது வருசத்தில் முதல்தரம் கேட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. முந்திப் பாத்தநீங்களா?"

இவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "கப்பலில நான் கீழ குசினிக்குள்ளதானே புள்ள. மேல ஏறிப் பாக்க ஆரு விட்ட? பாத்த ஆக்கள் வந்து சொன்ன." பிறகு, "மஜீதுக்குத் தெரியப்படாது" என்றார்.

அந்த நேரம் பார்த்து மகள் கதவைத் தட்டினாள். வாப்பா விழுந்த வீடியோவைச் சிரிப்புக்காகக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாளாம். ஊரில் எல்லாரும் பார்த்தாயிற்றாம். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லையாம், ஏன் என்று தெரியவில்லை என்றாள்.

திரும்பி வருகிற வழி முழுக்க இவர் பேசவில்லை. விமானத்தில் தந்த சாப்பாட்டையும் குறை சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. கிண்ணியாப் பாலம் தாண்டும்போது, "நான் கொஞ்ச நாளைக்குக் கடைப் பக்கம் போகல்ல" என்றார். ஆனால் எங்கள் ஓட்டோ கடையைத் தாண்டித்தானே போகவேண்டும். கடையில் இருந்த அத்தனை பேரும் எழும்பி நின்றார்கள். மஜீது வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்து ஓட்டோவை மறித்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மஜீது இவருடைய இரண்டு கையையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"அல்லாஹ்ட அத்தாட்சியக் கண்டவுடன சுஜூதில விழுந்திட்டியே மச்சான்" என்றார். "நாங்களெண்டா வாயப் பொளந்துகொண்டு நிண்டிருப்பம்."

பிறகு நான் வீடியோவைப் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. பனிக்குள் நெற்றி, தலையில் தொப்பி, பின்னால் விரிந்து கிடக்கிற சாரன். விழுந்த விதத்தில் முழங்காலும் மடிந்திருக்கிறது. தொழுகையில் சுஜூது செய்து நெற்றியை நிலத்தில் வைக்கிற ஆள் மாதிரியேதான் இருந்தார். விழுந்த திசைகூட, தொழும்போது பார்க்கிற கிப்லாவுக்குச் சரி என்று மஜீது சொன்னார். யார் போய் அளந்தது? பக்கத்தில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு திருக்கை மீன் மாதிரி நானும் கிடக்கிறேன். என்னைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனுசி மட்டும், "வழுக்கிப் போட்டுதா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ஓட்டோவடியில் மஜீது கையைப் பிடித்தபடி நிற்க, இவர் வாயைத் திறந்தார். மூடினார். ஓட்டோவுக்குள் என்னைப் பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. இவர் கடைக்குப் போனால் நல்ல கதிரையை விட்டுக்கொடுத்தார்கள். உடம்பு சுகமில்லாத வருத்தக்காரர் தங்களுக்காகத் துஆ ஓதச் சொல்லி வந்தார்கள். கப்பல் கதையைத் தொடங்கினால் மஜீது "ஓம் மச்சான், ஓம்" என்று தலையை ஆட்டினார். கப்டன் அழுததற்கு, "அழத்தான் செய்வார்" என்றார். விறகு இல்லாமல் சோறு ஆக்கினதற்கு, "அல்லாஹ் நாடினா எது ஏலாது?" என்றார். "பொய்" என்று கத்த ஆள் இல்லாமல் போக, இவருக்குக் கதை நடுவழியில் நின்றது. ஒரு நாள் பாதியில் எழும்பி வந்தார். அடுத்த கிழமை போகவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நாலு நாள் கிணற்றடியில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு மஜீதின் வண்டிக்குப் போனேன். முதல் தரம் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டாம் தரமும் கச்சான்தான். மூன்றாம் தரம் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"மஜீது, அது சுஜூது இல்ல. பரா லைட் எண்டு நினைச்சுப் பயத்தில விழுந்த. நானுந்தான். இவர் முந்தி ஒண்டும் பாத்ததுமில்ல."

மஜீது கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். அன்பான சிரிப்பு, அதுதான் கொடுமை.

"இப்பிடிச் சொல்லச் சொல்லி அவர்தானே தாத்தா உங்கள அனுப்பின? தெரியும். செஞ்ச நன்மைய மறைக்கப் பாக்கிறார்."

எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். அவ்வளவு மரியாதையாகச் சொல்லிக் கச்சானும் சும்மா தந்தார். நாற்பது வருசமாக எங்கள் வீட்டுப் பொய்யை நம்பாத மனுசன், நாங்கள் ஒரே ஒரு உண்மை சொன்னால் அதையும் நம்பவில்லை.

இப்போது அஸருக்குப் பிறகு களப்புப் பக்கம் சத்தமே இல்லை. கடையில் ஆளுக்கொரு கைபேசி. மஜீது மெல்லிய குரலில்தான் கச்சான் விற்கிறார். நான் மணிக்கூட்டைத் திருத்தி வைத்திருக்கிறேன், அரிசி போடுவதற்கு. இவர் வீட்டில் இருக்கிறார். உண்மையையே பேசுகிறார். இன்றைக்குக் காற்று என்கிறார், பார்த்தால் காற்றுத்தான். புளி கூடிப்போச்சு என்கிறார், கூடித்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட மனுசனோடு காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்ல?

போன கிழமை தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நானே கேட்டேன், திமிங்கிலம் ஒன்று சோறு கேட்டுக் கப்பலுக்குப் பின்னால் மூன்று நாள் வந்த கதையைச் சொல்லுங்கள் என்று. முகம் கொஞ்சம் மலர்ந்தது. தொடங்கினார். மூன்று நாள் வந்தது என்றார். பிறகு, "மூணு நாள் இல்ல, கொஞ்ச நேரம்" என்றார். பிறகு, திமிங்கிலமோ தெரியாது, பெரிய மீன் ஒன்று என்றார். கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் பாக்கல்ல புள்ள. ஆக்கள் சொன்ன."

நான் "பொய்" என்று கத்திப் பார்த்தேன். எனக்குக் குரல் காணாது. கோழிதான் திரும்பிப் பார்த்தது.

இதில் எனக்குச் சந்தேகமான இடங்கள் பல உண்டு. நாற்பது வருசம் என்ற கணக்கு, முகில் இருந்தது எட்டு நாளோ பத்து நாளோ, அந்த மீனை உப்பில்லாமல்தான் காயவைக்கிறார்களோ, வெளிச்சத்தில் பச்சைக்குப் பிறகு வேறு நிறமும் வருமோ, எதுவும் எனக்கு உறுதியில்லை. விசயம் தெரிந்தவர் யாரும் இதைப் படித்தால் பார்த்துத் திருத்திவிடுங்கள், எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. கப்பல் வருகிற இடங்களை மட்டும் சோதிக்க வேண்டாம். அது அவர் சொன்னபடியே கிடக்கட்டும்.