ஸ்ட்ராவில் ஒரு சிட்டிகை திருநீறு

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆய்வுக்கூடத்தில் எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் முக்கியமான அளவீடு இருக்கும் நாளில், சிங்கப்பூரின் மேற்கே சுவா சூ காங்கில் இருக்கும் வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பி, வழியிலேயே இல்லாத லிட்டில் இந்தியாவில் இறங்கி, கோயிலில் இரண்டு நிமிடம் நிற்பேன். நம்பிக்கை வேறு, பழக்கம் வேறு என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தேன்.

என் வேலை, இரும்பு கலந்த மீக்கடத்திகளைக் காந்தத்தால் சோதிப்பது. சாதாரண உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தனித்தனியாக முட்டி மோதிக்கொண்டு போகும். மீக்கடத்தியைக் கடுங்குளிரில் வைத்தால் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து தடையே இல்லாமல் ஓடும். காந்தப்புலத்தையும் வெளியே தள்ளும். கருவி காட்டும் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். காந்தத்தன்மை இருந்தால் அந்த ஜோடிகள் உடைந்துவிடும் என்பது பழைய பாடம். இரும்போ காந்தத்துக்கென்றே பிறந்தது. அதில் போய் எப்படி ஜோடி சேருகிறது என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

இத்தனை பெரிய கேள்விக்கான மாதிரித் துண்டை, அத்தனை விலையுள்ள கருவிக்குள், குளிர்பானம் குடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவில் வைத்துத்தான் இறக்குகிறோம். ஸ்ட்ராவுக்குக் காந்தத்தன்மை கிடையாது. அவ்வளவுதான் அதன் தகுதி.

அப்போது என் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. அது போனால் இங்கே தங்க அனுமதிக்கும் வேலை பாஸும் போகும். பள்ளியில் தொடக்கநிலை ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்த மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் நான் அளந்த மாதிரித் துண்டு ஒன்று கைகொடுத்தது. ஜோடிகளும் இருந்தன, கூடவே கொஞ்சம் காந்தத்தன்மையும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தால் அது மிக அரிய வகை ஜோடி. அதிகம் பேசாத எங்கள் பேராசிரியை என் தோளைத் தட்டினார். மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கமும் அனுப்பிவிட்டார்.

ஒரே தொல்லை, அந்தக் காந்தத்தன்மை சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. தேதிகளைப் பார்த்தேன். கோயிலுக்குப் போன நாளெல்லாம் வந்திருந்தது. விஞ்ஞானி என்ன செய்ய வேண்டும்? நான் தினமும் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன்.

எங்கள் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் ஆங் மோ கியோவில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். ஒருநாள் நான் மாதிரியை ஸ்ட்ராவில் ஏற்றும்போது பக்கத்தில் நின்றார்.

"அண்ணா, கிளவ்ஸ் போடலயா? கையில என்ன வெள்ளையா?"

"திருநீறு மா. நெத்தியில வச்சது."

"ஸ்ட்ராவுலயும் வச்சீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ராசிக்காக ஓரத்தில் ஒரு சிட்டிகை தடவுவது வழக்கம். அவர் ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, என் திருநீற்றுப் பொட்டலத்தின் மேல் காட்டினார். கருந்துகள்கள் சில எழும்பி வந்து ஒட்டிக்கொண்டன.

"இதுல இரும்பு இருக்கு லா. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க அண்ணா."

மாதிரி இல்லாமல் வெறும் திருநீற்றை வைத்து அளந்தேன். வரைபடத்தில் அதே காந்த வளைவு, அச்சு அசல். இறையருளைக் காந்த அலகில் அளந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தம் நீளும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை தைரியம் வேண்டிக் கோயிலுக்குப் போனேன். திருநீறு இட்டுக்கொண்டேன். சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன். பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பலைத் தனியாக அளந்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அளந்தேன்."

"அந்த வளைவை எனக்கு அனுப்பு."

சுருக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை என் முன்னாலேயே தட்டச்சு செய்தார். இரண்டு வாரம் கழித்து என் ஒப்பந்தம் நீண்டது. மாதிரி ஏற்றுவதற்கான விதிகளை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. முதல் விதி, கையுறை இல்லாமல் எதையும் தொடாதே.

உண்மையைச் சொன்னதால்தான் நீட்டினார்கள் என்கிறாள் மனைவி. இருக்கலாம். ஆனால் அன்று நெற்றியில் திருநீறு இருந்ததும் உண்மை. அடுத்த மாதம் ஒப்பந்தம் மறுபடி முடிகிறது. திருநீறு இல்லாமல் ஒருமுறை போய்ப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். விஞ்ஞானி அதைச் செய்தாக வேண்டும். மகள் இப்போது தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். நான் தினமும் லிட்டில் இந்தியாவில் இறங்குகிறேன்.