தாலிச் செயின் மேல் விழுந்த பழி

புதுத் தாலிச் செயின் போட்ட சில வாரங்களில் என் நெஞ்சில் ஓரிடம் சிவந்து அரித்தது. செயின் வாங்கிய தி.நகர் கடை மேல்தான் சந்தேகம். தங்கத்தில் எதைக் கலந்தீர்கள் என்று நேரே போய்க் கேட்டேன்.

"ஹால்மார்க் நகை மேடம். உங்க கண் முன்னாடியே மெஷின்ல வெச்சுக் காட்டறேன்" என்றார் விற்பனையாளர். சுத்தத் தங்கம் என்றுதான் காட்டியது. மெஷினும் அவர்களுடையதுதானே? நான் நம்பவில்லை.

"படையா இருக்கும்" என்று கணவர் வாங்கி வந்த களிம்பில் எரிச்சல்தான் கூடியது. கடைசியில் மயிலாப்பூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன்.

"செயின் உரசற கழுத்துல ஒண்ணுமே இல்லையேம்மா. இந்த ஊக்கு தொங்கற இடத்துலதானே சிவந்திருக்கு?" என்றார் அவர்.

அவசரத்துக்கு உதவுமென்று தாலியில் எப்போதும் ஊக்கு கோத்திருப்பேன். புதுச் செயினுக்குப் புது ஊக்கு. அதன் நிக்கல் பூச்சு வியர்வையில் கரைந்து ஒவ்வாமையாகியிருக்கிறது. ஊக்கைக் கழற்றி, அவர் எழுதித் தந்த மருந்தைத் தடவிவர, ஆறிவிட்டது.

இப்போது என் ஊக்குகள் கைப்பையில் இருக்கின்றன. ஆனால் பேருந்தில் பக்கத்துப் பெண்மணி செயினை ஒதுக்கிவிட்டுச் சொறிந்தால், என் கண் அவர் தாலியில் ஊக்கைத்தான் தேடுகிறது.